சிவகாசியிலிருந்து இரண்டு நாள்: முதலில் அருவி, அடுத்து கடல்

விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மழை குறைவு, வெயில் அதிகம். தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் இங்கே வேரூன்ற அதுவும் ஒரு காரணம். தண்ணீரும் நிழலும் வேண்டுமென்றால் மேற்கே மலையடிவாரத்துக்குப் போங்கள், இல்லையேல் வைப்பாறு ஓடுகிற திசையில் கிழக்கே கடலுக்குப் போங்கள். சிவகாசியில் அறை எடுத்துத் தங்கினால் இரண்டையும் பார்த்துவிடலாம்.

எப்போது வரலாம்?

ஐப்பசி முதல் மார்கழி வரை நல்ல காலம். வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறைந்திருக்கும், அருவியில் தண்ணீர் விழும். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களைத் தவிருங்கள். பட்டாசு வாங்க வரும் கூட்டத்தில் அறை கிடைப்பதே பெரும்பாடு. நீங்களும் பட்டாசு வாங்குவதாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: ரயிலில் பட்டாசு கொண்டுபோவது குற்றம். பட்டாசு ஆலைகளுக்குள் வேடிக்கை பார்க்க நுழையவும் கூடாது.

முதல் நாள்: மலையடிவாரம்

விடிந்ததும் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் செண்பகத்தோப்புக்குப் போய்விடுங்கள். 1988-இல் அமைந்த சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் வாசல் இது. 2021 முதல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. ஆகவே வனத்துறை அனுமதிக்கும் இடம்வரைதான் போக முடியும். மாந்தோப்புகளை ஒட்டி நின்று அண்ணாந்து பாருங்கள். கிளைகள் பின்னிக்கொள்ளும் உச்சியில் சுள்ளியும் இலையுமாக உருண்டையான கூடு தெரிந்தால் அங்கேயே காத்திருங்கள். இந்த அணில் தரைக்கு வருவது அபூர்வம். உடம்பளவு நீண்ட நரைத்த வாலை வீசியபடி மரம்விட்டு மரம் தாவும். வெயில் ஏறினால் அசையாமல் படுத்துவிடும் என்பதால் காலை எட்டு மணிக்குள் பார்த்தால்தான் உண்டு.

திரும்பும்போது ஆண்டாள் கோயிலையும் பதினோரு நிலைக் கோபுரத்தையும் பார்த்துவிட்டுப் பால்கோவா வாங்குங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் இது. அன்று கிண்டியதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மதியத்துக்கு மேல் ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு சாலையில் அய்யனார் அருவிக்குப் போகலாம். சுமார் 10 கிலோமீட்டர்தான். இந்த மலைத் தண்ணீரைத்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கி ராஜபாளையம் நகரத்துக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். அதனால் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். மலைமேல் மேகம் கறுத்தால் உடனே கரையேறுங்கள். ஓடையில் வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. பலத்த மழையிலும் காட்டுத்தீ காலத்திலும் வழியை அடைத்துவிடுவார்கள் என்பதால் ஊரிலேயே விசாரித்துக்கொண்டு போங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அருவியைவிட வத்திராயிருப்புப் பக்கமுள்ள பிளவக்கல் அணை வசதி. அணைக்கரையில் நின்றால் மலைத்தொடர் முழுதாகத் தெரியும். இரவுச் சாப்பாட்டுக்கு விருதுநகர் போனால் எண்ணெயில் பொரித்த பரோட்டா. மொறுமொறுப்பு அடங்குவதற்குள் சால்னாவை ஊற்றிப் பிசைந்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கடல்

சாத்தூரில் காராச்சேவு கட்டிக்கொண்டு எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகலாம். சாத்தூர் அருகே, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில். ஆடி வெள்ளிகளில் அந்தப் பக்கம் வண்டி நகராது. எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

தூத்துக்குடியில் பிள்ளைகள் விளையாட ரோச் பூங்காவும் முத்துநகர் கடற்கரையும் இருக்கின்றன. சற்று அமைதி வேண்டுமென்றால் துறைமுகத்தை ஒட்டிய முயல்தீவுக்குப் போங்கள். எதிரே மன்னார் வளைகுடா. இங்கிருந்து ராமேஸ்வரம் பக்கம்வரை 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. யாராவது படகில் கூட்டிப்போய் அந்தத் தீவுகளில் இறக்குகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. பனிமய மாதா ஆலயத்தைப் பார்த்து, மக்ரூன் பொட்டலத்தோடு இருட்டுவதற்குள் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் சிவகாசி வந்துவிடலாம்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்பவர்கள் மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கார்த்திகையில் வந்தால் மலைக்குப் போங்கள். சித்திரையில் அருவியில் பாறைதான் மிஞ்சியிருக்கும். நேரே கடலுக்கு வண்டியை விடுங்கள்.