கொள்ளிவாய்ப் பேயும் சிறுவர் வினாவும்

சதுப்பு நிலத்தே இரவில் தோன்றி மறையும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேயென்று காட்டிச் சிறுவரை அச்சுறுத்துதல் நம்மவர் வழக்கு. ஆழ்சேற்றினின்று அவர்களைக் காத்தலே அதன் நோக்கமாயினும், “அப்பேயைக் கண்டார் யாவர்?” என வினவும் சிறுவனை அதட்டி அடக்குதல் தகாது. 1776-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கோலாற் கிளறி, எழுந்த குமிழிகளைச் சேர்த்துத் தீயிட்டார், அவ்வாயு எரிந்தது. மக்கிய தழைகளிற் பிறக்கும் மீத்தேன் வாயுவே அது. அது சதுப்பிலே தீப்பற்றுமாறு யாங்ஙனம் என்னும் ஆராய்ச்சி இன்றும் நிகழ்கின்றது. எனவே, துணிவென்பது இருளிற் பாய்ந்தோடுதலன்று. அச்சத்தின் காரணத்தை ஆராய்தலேயாம். சேற்றின் ஆபத்தைச் சேறென்றே சிறுவர்க்கு உரைப்போம். பேயைக் காட்டி அவர்தம் வினாவை அவியோம்.