கொடியின் நிறங்கள் யாருக்கு உரியவை?

"காவி இந்துக்களைக் குறிக்கும், பச்சை முஸ்லிம்களைக் குறிக்கும், வெண்மை மற்றையோரைக் குறிக்கும்" என்று நம் மாணவ நண்பர் பலர் சொல்லக் கேட்கிறேன். இது சரிதானா என்று ஆராய்வோம்.

இவ்விளக்கம் வெறுங்கற்பனையன்று. 1921-இல் பெசவாடாவில் பிங்கலி வெங்கய்யா காந்தியடிகளிடம் அளித்த கொடியில் சிவப்பும் பச்சையும் அவ்விரு சமயத்தாரையே குறித்தன. ஏனையோர்க்காக வெண்மையும் சேர வேண்டுமென்று அடிகள் விரும்பினார். இராட்டையும் இடம் பெற்றது. பின்னர்ச் சீக்கியர் தம் நிறமும் வேண்டுமென்றனர். சமயத்துக்கொரு நிறமெனக் கூட்டிக்கொண்டே போனால் முடிவேது?

ஆகவே 1931-இல் காங்கிரஸ் மகாசபை வேறு வழி கண்டது. சிவப்பு நீங்கிற்று, காவி, வெண்மை, பச்சை என்ற வரிசை அமைந்தது. நிறங்களுக்குச் சமயப் பொருள் இல்லை என்றும் தெளிவாகத் தீர்மானித்தனர். காவி தைரியத்தையும் தியாகத்தையும், வெண்மை அமைதியையும் வாய்மையையும், பச்சை நம்பிக்கையையும் வீரத்தையும் குறிக்கும் என்றனர். 1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை இம்மூவண்ணத்தையே ஏற்றது. இராட்டை இருந்த இடத்தில் 24 ஆரங்கள் கொண்ட அசோகச் சக்கரம் அமைந்தது.

பல மொழியினரும் பல சமயத்தினரும் கூடிப் பயிலும் இடத்தில் இருக்கிறோம். கொடியைப் பங்கு போட்டுப் பொருள் கூறுவது, முன்னோர் முயன்று நீக்கிய பிரிவினையை நாமே மீண்டும் கொணர்வதாகும். 2002 ஜனவரி 26 முதல் குடிமக்கள் யாவரும் எந்நாளும் முறைப்படி கொடியேற்றலாம். ஏற்றுவது உரிமை, பொருளறிந்து ஏற்றுவது கடமை. அடுத்த சுதந்திர தின விழாவில் நம் சங்கத்தார் ஒருவர் இவ்வரலாற்றை எடுத்துரைத்தல் வேண்டுமென்பது என் வேண்டுகோள்.