வெளிநாட்டு இணையச் சூதாட்டம்: எடைபோட்டுப் பார்க்க ஒரு பாடம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

 

இந்த மாதப் பாடம் இணையச் சூதாட்டத்தைப் பற்றியது. அதிலும், வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் கடை விரித்திருக்கும் சூதாட்டத் தளங்களைப் பற்றியது. "சூது ஹராம் என்பது எங்களுக்குத் தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் கடனுக்கு உதவி கேட்டு அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசும்போது, ஹராம் என்று நன்றாகத் தெரிந்த பிள்ளைகளே இதில் விழுந்திருப்பதைப் பார்க்கிறோம். "சின்னத் தொகைதான் போட்டேன்", "விட்டதை எடுத்ததும் நிறுத்திவிடலாம் என்று இருந்தேன்" என்பதே பெரும்பாலும் அவர்கள் சொல்லும் பதில். எனவே மார்க்கத் தீர்ப்பை மட்டும் சொல்லி முடிக்காமல், கணக்கையும் சட்டத்தையும் பக்கத்தில் வைத்து எடைபோட்டுப் பார்ப்போம்.

1. எடைபோடக் கற்றுத்தரும் வசனம்

அல்பகரா அத்தியாயத்தின் 219-ஆம் வசனம் சூதாட்டத்தில் மனிதர்களுக்குச் சிறிது பயன் இருப்பதை மறுக்கவில்லை. அதில் உள்ள பாவம் அந்தப் பயனை விஞ்சி நிற்கிறது என்று எடைபோட்டுக் காட்டுகிறது. அந்தக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, அம்புகளைக் குலுக்கி எடுத்து ஆடினார்கள். தோற்றவர் ஒட்டகத்தின் விலையைக் கொடுப்பார். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுத்துப் பெருமை கொள்வார். ஏழைக்குச் சோறு கிடைத்த அந்தச் சூதையே மார்க்கம் தடுத்தது. அப்படியானால் ஏழை வீட்டுச் சோற்றையே பறிக்கும் சூதை என்னவென்று சொல்வது?

அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்கள் தடையை முழுமையாக்கி, காரணத்தையும் சொல்கின்றன. மனிதர்களுக்குள் பகையையும் வெறுப்பையும் மூட்டவும், இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கவும் ஷைத்தானுக்கு இது ஒரு கருவி. இரவு ஒரு மணிக்குக் கைப்பேசியோடு விழித்திருப்பவருக்கு ஃபஜ்ர் எப்படிக் கிடைக்கும்? மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போன வீட்டில் அன்பு எப்படி நிலைக்கும்? இந்த வசனங்கள் நம் வீட்டைப் பற்றித்தான் பேசுகின்றன.

2. கணக்குப் போட்டுப் பார்த்தால்

இணையக் கேசினோக்களில் பரவலாக ஆடப்படும் ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 0 முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து அது விழுந்தால், வைத்த 100 ரூபாயோடு 3,500 ரூபாய் சேர்த்து 3,600 கிடைக்கும். இப்போது 37 எண்களிலும் 100 ரூபாய் வைத்துவிடுங்கள். போட்டது 3,700. எந்த எண் விழுந்தாலும் கிடைப்பது 3,600. நூறு ரூபாய் கடைக்காரருக்கு. எப்படி மாற்றி மாற்றி ஆடினாலும் சராசரியாக நூற்றுக்கு 2 ரூபாய் 70 காசு அவர் பக்கம் போய்க்கொண்டே இருக்கும்படி அமைத்த ஆட்டம் இது. திறமையோ ராசியோ இதை மாற்றாது.

"2 ரூபாய் 70 காசுதானே" என்று தோன்றும். ஒருவர் ஓர் இரவில், சுற்றுக்கு 100 ரூபாய் வீதம் 200 சுற்று ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பந்தயம் 20,000 ரூபாய், சராசரி இழப்பு 540 ரூபாய். முப்பது இரவுகளுக்கு 16,200 ரூபாய். பேக்கரியிலோ மில்லிலோ வேலை பார்க்கும் ஒரு பிள்ளையின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு இதிலேயே போய்விடும். நடுவில் சில இரவுகள் அவர் ஜெயித்திருப்பார். அந்த இரவுகள்தான் அவருக்கு நினைவில் நிற்கும்.

போனஸ் என்று தருவதையும் கணக்கிடுவோம். 1,000 ரூபாய் கட்டினால் இன்னும் 1,000 இலவசம். ஆனால் பணத்தை வெளியே எடுக்குமுன் போனஸைப் போல 35 மடங்கு பந்தயம் கட்டவேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதாவது 35,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். நூற்றுக்கு 2.70 வீதம் அதில் சராசரி இழப்பு 945 ரூபாய். இலவசம் என்று தந்ததை இப்படித் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். அதற்குள் ஆட்டம் பழக்கமாகிவிடும்.

இவ்வளவும் சக்கரம் நேர்மையாகச் சுற்றினால்தான். பாலக்கோடு தக்காளி மண்டியில் தராசின் மேல் சந்தேகம் வந்தால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம், மண்டிக்காரரை நிறுத்திக் கேட்கலாம், அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். இந்தச் சக்கரத்துக்கு நம் நாட்டில் முத்திரை போட்டவர் யாரும் இல்லை.

3. கடை எங்கே இருக்கிறது?

இத்தகைய தளங்கள் பல, 'குராசோ உரிமம் பெற்றது' என்று போட்டிருக்கும். குராசோ என்பது கரீபியன் கடலில் நெதர்லாந்து முடியாட்சிக்கு உட்பட்ட ஒரு சிறு தீவு. மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் பேர் வாழும் நம் தருமபுரி மாவட்டத்தில் அது பத்தில் ஒரு பங்கு. அங்கே பல ஆண்டுகளாக ஒரு சில தலைமை உரிமதாரர்களே தங்கள் பெயரின் கீழ் மற்றவர்களுக்குத் துணை உரிமம் கொடுத்துவந்தார்கள். 2024 டிசம்பரில்தான் அதை மாற்றும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. வென்ற பணத்தைத் தரவில்லை என்றால் பென்னாகரத்திலோ அரூரிலோ இருக்கும் ஒருவர் அந்தத் தீவில் போய் யாரைப் பிடிப்பார்?

கடை வெளிநாட்டில் இருந்தாலும் பணம் வாங்கும் கை இங்கேதான் இருக்கிறது. ஜி.எஸ்.டி. புலனாய்வு இயக்ககம் 2025 மார்ச்சில் தெரிவித்தபடி, சுமார் 700 வெளிநாட்டுப் பணச்சூதாட்ட நிறுவனங்கள் விசாரணையில் இருந்தன. 357 தளங்கள் முடக்கப்பட்டன. பணம் வசூலிக்க அவை பயன்படுத்துவது பிறர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குகளை. 2023 நவம்பர் 5 அன்று மத்திய அரசு 'மகாதேவ் புக்' உள்ளிட்ட 22 செயலிகளையும் தளங்களையும் முடக்கியது. அதைத் துபாயிலிருந்து நடத்தினார்கள், ஊர் ஊராக ஆள் வைத்து வசூலித்தார்கள் என்பது அமலாக்கத்துறையின் குற்றச்சாட்டு.

ஆடாத பிள்ளைக்கும் இதில் ஆபத்து உண்டு. "உன் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, மாதம் சில ஆயிரம் தருகிறேன்" என்று கேட்பார்கள். அப்படிக் கொடுத்த ஒரு தம்பியின் கணக்கை வேறு மாநிலக் காவல்துறை முடக்கியது. அத்தாவின் மருத்துவத்துக்கு உறவினர்கள் அனுப்பிய பணமும் அதற்குள் மாட்டிக்கொண்டது. மோசடிப் பணம் எந்தக் கணக்கு வழியாகப் போனதோ அந்தக் கணக்கின் சொந்தக்காரரைத்தான் காவல்துறை முதலில் தேடி வரும். "நான் ஆடவில்லை" என்று சொன்னால் மட்டும் வழக்கிலிருந்து தப்ப முடியாது.

4. சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 2021 பிப்ரவரியில் வந்த சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு அறிக்கை தந்தது. அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பியபின் 2023 மார்ச் 23 அன்று மீண்டும் நிறைவேற்றி, ஏப்ரலில் அது சட்டமாயிற்று. அச்சட்டத்தின்படி இணையச் சூதாட்டம் ஆடுபவருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் இச்சட்டத்தை ஏற்று, ரம்மி, போக்கர் இரண்டையும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து விலக்கியது.

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும், திறமை ஆட்டம் என்று சொல்லப்பட்டவை உட்பட, தடைச் சட்டம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் நடத்தப்படுவதையும் அது தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. உடனே உள்நாட்டு நிறுவனங்கள் பல தங்கள் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. அப்படிக் கைவிடப்பட்ட ஆட்டக்காரர்களைத்தான் வெளிநாட்டுத் தளங்கள் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் வழியாக வலை வீசித் தேடுகின்றன. ஒரு தளத்தை முடக்கினால் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி மறுநாள் வந்து நிற்கிறது.

5. பிரிட்டன் தரும் படிப்பினை

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பிரிட்டனுக்கும் படிக்கப் போகிறார்கள். அங்கே சூதாட்டத்துக்குச் சட்டத்தில் அனுமதி உண்டு. "அங்கே சட்டப்படி சரி" என்பதால் ஒரு முஸ்லிமுக்கு அது ஹலால் ஆகிவிடாது. ஆனால் அனுமதித்த அந்த நாடே எத்தனை வேலி போட்டிருக்கிறது என்று பாருங்கள். 2020 ஏப்ரல் 14 முதல் கிரெடிட் கார்டில் சூதாடத் தடை. 2025 முதல் இணைய ஸ்லாட் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு 5 பவுண்டுக்கு மேல் வைக்கக்கூடாது; 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு 2 பவுண்டுதான். "என்னால் நிறுத்த முடியவில்லை, என்னை உள்ளே விடாதீர்கள்" என்று ஒருவர் கேம்ஸ்டாப் என்ற திட்டத்தில் பெயர் பதிந்தால், உரிமம் பெற்ற இணையத் தளங்கள் எல்லாம் அவரைத் தடுத்தாக வேண்டும். தகராறு வந்தால் கட்டணமில்லாமல் தனி நடுவரிடம் முறையிடலாம்.

வெளிநாட்டிலிருந்து உரிமமின்றி நடக்கும் தளங்கள் இந்த வேலிகளுக்கு வெளியே நிற்கின்றன. "நாங்கள் கேம்ஸ்டாப்பில் இல்லை" என்பதையே விளம்பரமாகச் செய்கின்றன. யாருக்காக அந்த விளம்பரம்? இனி ஆடமாட்டேன் என்று தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டிக்கொண்ட மனிதருக்காக. அவர் திருந்த முயலும் நேரம் பார்த்துப் பின்வாசலில் வந்து நிற்கும் வியாபாரம் இது. தௌபா செய்த ஒருவரைத் திரும்ப இழுக்கும் இந்த வேலையைத்தான் தராசின் எதிர்த் தட்டில் முதலில் வைக்க வேண்டும். பணத்தை இன்னொரு மாதம் சம்பாதித்துவிடலாம். மீண்டு வந்தவர் மறுபடி விழுந்தால் எழுவது மிகவும் கடினம்.

6. வீட்டில் செய்ய வேண்டியவை

முதலில், பயமில்லாமல் சொல்ல இடம் கொடுங்கள். கடனை மறைக்கும் பிள்ளை அதை அடைக்க இன்னும் பெரிய பந்தயம் கட்டும். முதல் நாளே அம்மாவிடமோ அத்தாவிடமோ சொல்ல முடிந்தால் இழப்பு அங்கேயே நிற்கும்.

இரண்டாவது, விட்டதைப் பிடிக்க ஒரு ரூபாயும் போட விடாதீர்கள். வட்டிக்கு வாங்கியும், கடன் செயலியில் எடுத்தும் சூதில் போடுவது ஒரு ஹராமுக்கு இன்னொரு ஹராமைத் துணைக்கு அழைப்பது.

மூன்றாவது, வங்கிக் கணக்கு, சிம் கார்டு, ஆதார் நகல் எதையும் பிறருக்குக் கொடுக்க வேண்டாம். அவை நம்மிடம் உள்ள அமானிதம்.

நான்காவது, பணம் ஏமாற்றப்பட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். மனம் உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைதூக்கினால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

ஐந்தாவது, சூதில் வந்த பணம் கையில் இருந்தால் அதை வீட்டுச் செலவுக்கு எடுக்க வேண்டாம். உரியவரிடம் திருப்ப வழியில்லாதபோது, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவதே உலமாக்கள் காட்டும் வழி.

கடனில் மூழ்கியவருக்கு ஜகாத்தில் பங்கு உண்டு என்பது அத்தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனத்திலிருந்து நாம் அறிந்தது. பாவத்தால் வந்த கடனுக்கு, அவர் தௌபா செய்து அதிலிருந்து விலகிய பிறகே உதவலாம் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆகவே உதவி கேட்டு வருபவரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சொன்ன செய்தி அலுவலகத்தை விட்டு வெளியே போகாது.

குடும்பத்தோடு பேச

1. நம் வீட்டில் யாருடைய கைப்பேசியிலாவது பணம் கட்டி ஆடும் செயலி இருக்கிறதா? அதை இன்று யார் நீக்குவார்?
2. 37 எண்களிலும் 100 ரூபாய் வைத்தால் என்ன ஆகும்? பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.
3. நண்பர் ஒருவர் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்டால் எப்படி மறுப்பீர்கள்? அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.
4. வீட்டில் ஒருவர் "நான் பணத்தை விட்டுவிட்டேன்" என்று வந்து சொன்னால், முதல் வார்த்தையாக என்ன சொல்வீர்கள்?

ஹலாலான ரிஸ்கையும் அதில் பரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக. விழுந்தவர்களைக் கைதூக்கி விடுவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்