கணக்கும் சைக்கிளும்

கேள்வி: ஆராய்ச்சியில் இருப்பவர் சைக்கிள் பந்தயத்திலும் உலக அளவில் சாதிக்க முடியுமா?

பதில்: ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் சாதித்திருக்கிறார். வியன்னாவிலும் கேம்பிரிட்ஜிலும் கணிதம் படித்து, பார்சிலோனாவில் முனைவர் பட்டம் பெற்றவர். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கணித ஆராய்ச்சி செய்துகொண்டே டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்குப் போனார். தொழில்முறை அணி இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பயிற்சித் திட்டம், சாப்பாடு, வெயிலைத் தாங்கும் தயாரிப்பு எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டு வகுத்துக்கொண்டார்.

2021 ஜூலை 25. 137 கிலோமீட்டர் சாலைப் பந்தயம். கொடி அசைந்ததுமே நால்வரோடு முன்னால் பாய்ந்தார். அவர்களில் கடைசியாக உடன் தாக்குப்பிடித்தவர்கள் போலந்தின் அன்னா பிளிக்டாவும் இஸ்ரேலின் ஓமர் ஷபிராவும். இன்னும் 40 கிலோமீட்டர் இருக்கையில் அவர்களையும் விட்டுத் தனியே பறந்தார். ஒலிம்பிக்ஸில் வீரர்களுக்குப் பந்தய நிலவரம் சொல்ல ரேடியோ கிடையாது. பின்னால் வந்த கூட்டம் அந்த இருவரையும் பிடித்ததும், முன்னால் யாருமில்லை என்றே அதில் பலர் நம்பிவிட்டார்கள். நெதர்லாந்தின் ஆனமீக் வான் ஃப்ளூட்டன், தங்கம் தனக்கே என்று கைகளை உயர்த்தியபடி கோட்டைக் கடந்தார். அதற்கு 75 விநாடி முன்பே கீசன்ஹோஃபர் ஜெயித்துவிட்டிருந்தார்!

அதை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி 40 கிலோமீட்டரை யார் நிழலிலும் ஒதுங்காமல், காற்றைத் தனியாகவே கிழித்துப் போனவர் அவர்.