நனாய் தேவியின் வணிகர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

"பட்டுப்பாதை வணிகர்கள் மதத்தையும் ஒரு சரக்காகச் சுமந்துபோய்ப் பரப்பினார்களா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். உங்கள் பள்ளியில் இதைப் பற்றிப் பேசப் போவதாகவும் சொல்லியிருந்தீர்கள். பாடப்புத்தகங்கள் ஆமாம் என்றுதான் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணத்தைச் சொல்ல, ஒரு அஞ்சல் பையிலிருந்து தொடங்குகிறேன்.

1907இல் தொல்லியலாளர் ஆரெல் ஸ்டைன், சீனத்தின் மேற்கு எல்லையில் துன்ஹுவாங் அருகே பாழடைந்த காவல் கோபுரம் ஒன்றில் சில கடிதங்களைக் கண்டெடுத்தார். காகிதத்தில் எழுதி மடித்தவை. ஐந்து கடிதங்கள் ஏறக்குறைய முழுமையாக இருக்கின்றன. எதுவும் போய்ச் சேரவில்லை. மொழி சோக்தியம்; காலம் கி.பி. 313 வாக்கில். இன்றைய உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் வழியாக ஓடும் ஸராஃப்ஷான் ஆற்றங்கரைக்காரர்கள்தான் சோக்தியர்கள். சமர்கண்ட், புகாரா, பஞ்சிகெண்ட் எல்லாம் அவர்களுடைய ஊர்கள். சொந்தமாகப் பேரரசு எதுவும் இல்லாமலேயே மத்திய ஆசிய வணிகத்தைப் பல நூற்றாண்டுகள் கையில் வைத்திருந்தார்கள். வணிகச் சாத்து கட்டிப் போவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அந்தக் கடிதங்களில் பட்டைவிடக் கஸ்தூரி, வெள்ளி, மிளகு, துணி பற்றிய பேச்சுதான் அதிகம். நனாய்வந்தக் என்பவர் சமர்கண்டில் இருக்கும் தன் முதலாளிமாருக்கு எழுதுகிறார்: லோயாங் நகரம் எரிந்துவிட்டது, பஞ்சத்தால் பேரரசர் ஓடிவிட்டார், அங்கிருந்த நம்மவர் பட்டினியில் செத்தார்கள் என்று. 311இல் சீனத் தலைநகர் லோயாங் வீழ்ந்ததைச் சீன வரலாறும் பதிவு செய்திருக்கிறது. அவ்வளவு பெரிய சேதியைச் சொன்ன கையோடு, கஸ்தூரிப் பைகளை அனுப்பியதையும், அதில் வரும் பணத்தை ஒரு அநாதைப் பையனுக்காக எப்படி வைக்க வேண்டும் என்பதையும் எழுதுகிறார். வியாபாரி வியாபாரிதான்!

கடிதம் எழுதியவர்களில் மிவ்னாய் என்ற பெண்ணும் உண்டு. கணவன் நனாய்தாத் அவளைத் துன்ஹுவாங்கில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கையில் மகள் ஷாய்ன், காசு இல்லை, ஊர் திரும்ப வழியில்லை. உறவுக்காரர்களிடம் கேட்கிறாள், அதிகாரியிடம் முறையிடுகிறாள். ஆளாளுக்குக் கைவிரிக்கிறார்கள். தாயும் மகளும் சீனர்களிடம் வேலை செய்து வயிறு கழுவுகிறார்கள். உன்னைக் கட்டியதற்கு ஒரு நாயையோ பன்றியையோ கட்டியிருக்கலாம் என்ற பொருள்பட அவனுக்கு எழுதுகிறாள். தாய்க்கு எழுதிய கடிதத்தில் இன்னொரு தகவல் வருகிறது. உதவ முன்வந்தவர் ஒரே ஒருவர், கோயில் பூசாரி. ஒட்டகமும் துணைக்கு ஆளும் தருகிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் கேள்விக்கான என் பதில் அந்தப் பூசாரியிடம்தான் இருக்கிறது. சீன எல்லையில் சோக்தியக் கோயில் ஒன்று இருந்திருக்கிறது. சீனர்களை மதம் மாற்ற அது அங்கே நின்றதாகத் தெரியவில்லை. அந்நிய ஊரில் தங்கிவிட்ட சோக்தியர்களுக்கு ஒரு பிடிமானமாக நின்றது. ஷாதியாலில், சிந்து நதியின் மேல்பகுதிப் பாறைகளில், சோக்தியர்கள் நூற்றுக்கணக்கில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் (இவர் வேறொரு நனாய்வந்தக்), போகிற ஊருக்குச் சீக்கிரம் போய் அண்ணன் தம்பியை நலமாகப் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்துத் தெய்வத்திடம் வேண்டிக்கொள்கிறார். வழியில் எந்தத் தெய்வம் இருந்தாலும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறவர்கள்.

இந்தப் பெயர்களில் திரும்பத் திரும்ப வரும் நனாய் ஒரு தேவி. ஈராக்கின் ஊருக் நகரில் கி.மு. 2000 வாக்கிலேயே வணங்கப்பட்ட நனாயாதான் அவள். குஷாண மன்னர் கனிஷ்கரின் காசுகளில் 'நனா'. பஞ்சிகெண்ட் சுவரோவியங்களில் சிங்கத்தின் மேல் அமர்ந்து, நான்கு கைகளோடு, சூரியனையும் சந்திரனையும் ஏந்தியிருக்கிறாள். நம்மூர்க்காரர் பார்த்தால் துர்க்கை என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அதே ஊர் ஓவியத்தில் வேஷ்பர்க்கர் என்ற காற்றுத் தெய்வத்துக்கு மூன்று தலை, கையில் திரிசூலம். உருவத்தை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். வழிபாடு தங்களுடையதாகவே இருந்தது.

பௌத்தத்தின் கதை இன்னும் விசித்திரம். 247இல் இன்றைய நான்ஜிங்குக்கு வந்து பௌத்த நூல்களை மொழிபெயர்த்த காங் செங்ஹுய், சோக்திய வம்சாவளி. குடும்பம் தலைமுறைகளாக இந்தியாவில் இருந்தது. வணிகரான தந்தை இன்றைய வட வியட்நாமுக்குக் குடிபெயர்ந்தார். இப்படிப் பல சோக்தியர்கள் சீனப் பௌத்தத்துக்கு உழைத்தார்கள். ஆனால் 630இல் சீன பிக்கு யுவான் சுவாங் சமர்கண்டுக்குப் போனபோது அங்கே இரண்டு விகாரைகள் ஆளில்லாமல் கிடந்தன என்கிறது அவருடைய வாழ்க்கை வரலாறு. தங்க வந்த பிக்குகளை ஊரார் நெருப்பைக் காட்டி விரட்டினார்களாம். துன்ஹுவாங்கில் கிடைத்த சோக்தியப் பௌத்த நூல்களில் பெரும்பாலானவை சீனத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. அதாவது, சோக்தியர்கள் பௌத்தத்தை ஊரிலிருந்து கொண்டுபோய்ச் சீனத்தில் இறக்கவில்லை. குடியேறிய இடத்தில்தான் பெரும்பாலும் அதைப் பெற்றார்கள். சரக்கு என்றால் புறப்பட்ட இடத்தில் அல்லவா குவிந்திருக்க வேண்டும்?

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. பாபிலோனியாவில் பிறந்த மானியின் மதத்தை 762 வாக்கில் உய்குர் மன்னர் ஏற்று அரச மதமாக்கினார். லோயாங்கில் அவர் சந்தித்த மானி மதத்தினர்தான் காரணம், அவர்களும் சோக்தியர்களே. துர்ஃபான் பக்கம் சோக்தியத்தில் எழுதிய கிறிஸ்தவ ஏடுகளும் கிடைத்திருக்கின்றன. இங்கே மதப் பிரசாரம் நடந்தது உண்மை. ஆனாலும் மன்னர் மனம் வைத்த பிறகே அந்த மதம் அரியணை ஏறியது. வணிகர்கள் செய்தது, பாதையையும் மொழியையும் தங்கும் இடத்தையும் கொடுத்தது. எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் முடிவு செய்தார்கள்.

பாடப்புத்தகத்தின் மீது என் குறை இதுதான்: வரைபடத்தில் அம்புக்குறி போட்டு, இங்கிருந்து அங்கே பௌத்தம், அங்கிருந்து இங்கே கிறிஸ்தவம் என்று காட்டிவிடுகிறது. அம்புக்குறிக்கு வயிறு கிடையாது, வாடகை கிடையாது, ஊரில் அம்மா கிடையாது. மிவ்னாய்க்கு எல்லாமே இருந்தது.

நீங்கள் பள்ளியில் பேசும்போது அவளைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். இந்தக் கடிதங்களுக்கு ஆய்வாளர் நிக்கோலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இருக்கிறது. கடிதங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மாணவர்களுக்கு முதலில் அவளுடைய கடிதத்தை வாசித்துக் காட்டுங்கள். வரைபடத்தைப் பிறகு விரிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்