ஆணையின்றி இயங்கும் அமைப்பின் நெடுநோக்கு: டெபியன் தரும் பாடம்

அரசுத் துறையொன்றின் நெடுங்காலத் திட்டத்திற்கு நிதி ஒதுக்கீடும் மேலிடத்து ஆணையும் துணை நிற்கின்றன. திறந்த மூல மென்பொருளை உருவாக்கும் தன்னார்வலர் அமைப்புகளிலோ உறுப்பினர் விரும்பினால் உழைப்பர், இல்லையேல் விலகுவர். அத்தகைய அமைப்பு பல்லாண்டுகள் நிலைப்பது எவ்வாறு? இவ்வினா நமக்குத் தொலைவானதன்று. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயக்க முறைமை, டெபியன் என்னும் தன்னார்வலர் அமைப்பின் படைப்பை அடிப்படையாகக் கொண்டதாகும்.

எழுதப்பட்ட குறிக்கோள்

டெபியன் 1993-ல் அயன் மர்டாக் என்பவரால் தொடங்கப்பட்டது. 1997-ல் அது ஏற்றுக்கொண்ட ‘சமூக ஒப்பந்தம்’, இயக்க முறைமை கட்டற்றதாகவே இருக்கும் என்றும், குறைகள் மறைக்கப்பட மாட்டா என்றும், பயனாளர் நலனும் கட்டற்ற மென்பொருளுமே முதன்மை பெறும் என்றும் உறுதி கூறியது. 1998-ல் அமைப்பு விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின்படி தலைவர் ஆண்டுதோறும் உறுப்பினர்களின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். எனினும், எவரையும் ஒரு பணியைச் செய்யுமாறு கட்டாயப்படுத்த இயலாது.

குறிக்கோளுக்கு வந்த சோதனை

கம்பியில்லா இணைப்பு போன்ற கணினிப் பாகங்கள் பலவும் இயங்க, மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேர் தேவைப்பட்டது. அதனைச் சேர்த்தால் கொள்கை தளரும்; விலக்கினால் பயனாளர் இடர்ப்படுவர். ஒப்பந்தத்தின் இரு உறுதிமொழிகளே இவ்வாறு முரண்பட்டன. 2022-ல் இது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. அடிப்படை ஆவணத்தைத் திருத்த மூன்றுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மை தேவை. திருத்தம் நிறைவேறியது, 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பு அதனைச் செயற்படுத்தியது. குறிக்கோள் மாறாதிருந்தமையன்று, அதனை மாற்றும் முறை முன்னரே வகுக்கப்பட்டிருந்தமையே அமைப்பைக் காத்தது எனலாம்.

வரம்பும் கடமையும்

விதிகள் மட்டும் போதா. 2019-ல் தலைவர் பதவிக்கு உரிய காலத்தில் எவரும் முன்வராமையால், வேட்புக் காலம் நீட்டிக்கப்பட்டது. பொறுப்பேற்க ஆளில்லையெனில் சிறந்த ஒப்பந்தமும் ஏட்டளவிலேயே நிற்கும்.

மைய அரசு 2015-ல் திறந்த மூல மென்பொருள் கொள்கையை அறிவித்தது. இதனைச் செயற்படுத்தும் அலுவலர் உரிமக் கட்டணச் சேமிப்பை மட்டும் கணக்கிடுதல் போதாது. அம்மென்பொருளின் பின்னுள்ள அமைப்புக்கு எழுதப்பட்ட குறிக்கோள் உண்டா, பூசலைத் தீர்க்கும் முறை உண்டா, பணியாற்ற ஆளுண்டா என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். மூன்றாவது குறையை நீக்குவதில் பயன்பெறுவோருக்கும் பங்குண்டு. பிழைத்திருத்தமும் மொழிபெயர்ப்பும் இங்கிருந்து திரும்பிச் செல்லுமாயின், நாம் சார்ந்து நிற்கும் அடித்தளம் வலுப்பெறும்.