சிலிண்டர்த் தலைக்கு ஸ்டட்டா, போல்ட்டா?

தலவிலையைச் சூழ்ந்த கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரை நீரை நெடுநேரம் தாங்காது. இறைக்கும் எஞ்சின் சில நாள் நின்றாலும் வெங்காயமும் மிளகாயும் வாடிவிடும். ஆதலின், சிறிய இருவீச்சு எஞ்சின் வைத்திருக்கும் கமக்காரர் அதன் சிலிண்டர்த் தலையை இறுக்கும் முறையை அறிந்திருத்தல் அவசியம்.

இவ்வகை எஞ்சினில் பெற்றோலுடன் எண்ணெயும் எரிவதால் தலையினுள் கரி படியும். அதனை நீக்கத் தலையை அவ்வப்போது கழற்ற நேரும். போல்ட்டாயின், ஒவ்வொரு முறையும் அலுமினிய உடலின் மெல்லிய மரையில் உராய்ந்து அதனைத் தேய்க்கும். ஸ்டட்டோ உடலிலேயே நிலைத்து நிற்கும். எஃகு மரையில் நட்டு மட்டுமே சுழலும். ஆகவே அடிக்கடி கழற்றும் தலைக்கு ஸ்டட்டே சிறந்தது. தலையை மேலே தூக்க இடமில்லாதவிடத்துப் போல்ட்டே ஏற்றது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை:

1. மரைக்குழியில் எண்ணெயோ மணலோ தங்கலாகாது.
2. 8 மில்லிமீட்டர் ஸ்டட்டு குறைந்தது 12 மில்லிமீட்டர் ஆழம் அலுமினியத்துள் இறங்க வேண்டும்; அடியில் முட்டிய பின் வலிந்து முறுக்கலாகாது.
3. எஞ்சின் குளிர்ந்திருக்கையில், எதிரெதிர் நட்டுகளை மாறிமாறி, மூன்று தடவையாக, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு இறுக்குக.
4. உப்புக்காற்றால் எஃகு அலுமினியத்தோடு இறுகிப் பிடிக்கும். பிடித்த ஸ்டட்டை வலிந்து திருகினால் முறியும். துருநீக்கும் எண்ணெயிட்டுப் பொறுத்துக் கழற்றுக.

தலையின் பொருத்தில் கரிய எண்ணெய்க் கசிவு தோன்றினால், அல்லது எஞ்சினை இயக்குவது கடினமானால், கேஸ்கட்டைச் சோதிக்க. மரை தேய்ந்திருப்பின், மேலும் இறுக்காது, பட்டறையில் எஃகு மரைச்சுருள் பொருத்துவித்தலே நலம்.